பூச்சியமா, மௌனமா? மாத்தளை மலையில் மழையை எண்ணிய கதை

மூன்று நாளாக எங்கள் மழைமானி 0.0 என்றே காட்டிக்கொண்டிருந்தது. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில், சனசமூகக் கட்டடத்தின் கூரையில் அதைப் பூட்டி இரண்டு கிழமைகூட ஆகவில்லை. நாங்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்தோம். ஒருவர் மாத்தளை டவுனில், ஒருவர் பேராதனை கெம்பஸில், ஒருவர் கொழும்பில் வேலையில். எல்லாரும் போனில் அந்தப் பூச்சியத்தைப் பார்த்துவிட்டு "நல்ல வெயில் போல" என்று பேசிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் பின்னேரம், தோட்டத்திலேயே இருக்கும் தோழி ஒரு படம் அனுப்பினாள். லயத்துக்குப் பின்னால் இருக்கும் கானில் செம்மண் தண்ணீர் கரைபுரண்டு ஓடுகிறது. கீழே ஒரு வரி: "இங்க மூணு நாளா விடாம மழை. உங்க மெஷினுக்குக் கண்ணு தெரியாதா?"

மெஷினுக்குக் கண் தெரிந்துதான் இருந்தது. முதல் நாளே சிக்னல் அறுந்துவிட்டது, அவ்வளவுதான். தகவல் வராத நேரத்தில் திரையில் என்ன காட்டுவது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. எழுதிய புரோகிராம் வெற்றிடத்தை எல்லாம் பூச்சியத்தால் நிரப்பிக்கொண்டது. மழை இல்லை என்பதும் செய்தி இல்லை என்பதும் எங்கள் திரையில் ஒரே மாதிரித் தெரிந்தன.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழை இல்லை இது. அந்தத் தோட்டத்துக்கு மேலே இருப்பது சரிவு, கீழே இருப்பது லயம். நடுவில் ஒரு பொய்ப் பூச்சியம். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு கேள்வி. மழையை எண்ணுவதும் அந்த எண்ணைத் தூரத்துக்கு அனுப்புவதும் எப்போது தொடங்கின? அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்த்தார்கள்? தேடிக்கொண்டு போனதில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

உழவு மழை, மரக்கால் மழை

மழையை அளப்பது நமக்குப் புதிது இல்லை. நம்முடைய ஆட்கள் மண்ணை வைத்து அளந்தார்கள். ஏர் பூட்டும் அளவுக்கு மண் நனைந்தால் "ஓர் உழவு மழை". அதைவிட ஆழமாக இறங்கினால் "ரெண்டு உழவு". பஞ்சாங்கக்காரர் மரக்காலில் சொல்வார், இந்த வருசம் இத்தனை மரக்கால் மழை என்று. அர்த்தசாஸ்திரத்தில் களஞ்சியத்துக்கு முன்னால் குறிப்பிட்ட அகல வாயுள்ள ஒரு பாத்திரத்தை மழை அளக்க வைக்கச் சொல்லியிருக்கிறது. களஞ்சியத்துக்கு முன்னால் ஏன்? மழை தெரிந்தால் விளைச்சல் தெரியும், விளைச்சல் தெரிந்தால் வரி தெரியும். மழை எண் பிறந்த நாளிலிருந்தே அதற்கும் அதிகாரத்துக்கும் சொந்தம் இருக்கிறது.

ஆனால் ஒரு பாத்திரம் ஒரு இடத்தைத்தான் சொல்லும். பல இடங்களில் ஒரே அளவுப் பாத்திரத்தை வைத்து, எல்லாக் கணக்கையும் ஒரே இடத்துக்கு வரவழைத்தால்தான் அது வலையமைப்பு. அதை முதலில் ஒழுங்காகச் செய்தது கொரியா. 1440களின் தொடக்கத்தில், செஜோங் மன்னர் காலத்தில், ஒரே அளவில் செய்த மழைமானிகளை நாடெங்கும் கொடுத்து, கணக்கைத் தலைநகருக்கு அனுப்பச் சொன்னார்கள். கரண்ட் இல்லை, கம்பி இல்லை. ஆளும் குதிரையும்தான் நெட்வேர்க். எண்கள் மெதுவாகத்தான் போயின, ஆனால் போயின.

இங்கிலாந்தில் அரசாங்கம் செய்யாததை ஒரு தனி மனிதர் செய்தார். ஜோர்ஜ் சைமன்ஸ் 1860இல் தொண்டர்களைத் திரட்டத் தொடங்கினார். பாதிரிமார், வாத்திமார், தோட்டக்காரர் என்று அவர் காலம் முடியும்போது மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தினமும் மழையை அளந்து அவருடைய அமைப்புக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பழக்கம் வெள்ளைக்காரத் துரைமாரோடு கப்பலேறி நம்முடைய மலைக்கும் வந்தது.

துரையின் மழைப் புத்தகம்

மாத்தளை என்றால் இப்போது மிளகு, கறுவா, ஸ்பைஸ் கார்டன் என்று சுற்றுலாக்காரர் சொல்வார்கள். மலையகத்துக்கு மாத்தளை வேறொன்று. மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே நடந்து வந்த எங்கள் பாட்டன் பூட்டன்மாருக்கு மலைநாட்டின் வாசல் இதுதான். அந்தப் பாதை தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு ஏறியது. 2023இல், வந்து 200 வருசம் என்று நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து நடந்தவர்களும் மாத்தளையில்தான் வந்து முடித்தார்கள்.

அந்தப் பாதையில் கொலராவாலும் பசியாலும் செத்தவர்கள் எத்தனை பேர்? ஆய்வாளர்கள் இன்றும் தர்க்கம் பண்ணுகிறார்கள். எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒரு எண் கிடையாது. ஆனால் அவர்கள் வந்து சேர்ந்த தோட்டங்களில் ஒன்று ஒழுங்காக எண்ணப்பட்டது. மழை. அங்குலத்தில், அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்கு வரைக்கும்.

காரணம் விளங்காதது இல்லை. கோப்பி பூப்பது மழையைப் பொறுத்தது. 1869இல் வந்த இலைநோயால் கோப்பி அழிந்தபிறகு மாத்தளைப் பக்கம் கொக்கோவும் தேயிலையும் பிறகு றப்பரும் வந்தன. தேயிலைக்கு உரம் போடும் நாளை மழை முடிவுசெய்யும். காலையில் மழை பெய்தால் றப்பர் மரத்தில் பால்வெட்ட முடியாது. மழை என்பது துரைக்கு லாபநட்டக் கணக்கு. அதனால் ஆபிஸுக்குப் பக்கத்தில் ஒரு வெட்டவெளி, அதில் ஒரு செம்புப் புனல், பக்கத்தில் ஒரு கண்ணாடி அளவுகுவளை, மேசையில் ஒரு நீளப் புத்தகம்.

தீவின் வானிலைப் பதிவுகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நில அளவைத் திணைக்களத்தின் பொறுப்பில் இருந்தன. 1907இல் கொழும்பில் வானிலை ஆய்வுக்கூடம் வந்தது. 1948இல் அது வளிமண்டலவியல் திணைக்களம் ஆனது. மலைநாட்டு மழைக்கணக்கில் பெரும்பங்கு அன்றும் இன்றும் தோட்டங்களிலிருந்து போனதுதான். நாள்தோறும் காலை 8.30க்கு அளந்து, மாதம் முடியப் படிவத்தில் நிரப்பித் தபாலில் போடுவார்கள். இன்று நாட்டின் காலநிலையைப் பற்றி யார் ஆராய்ச்சி செய்தாலும், அந்தக் கிளாக்கர்மாரும் கணக்கப்பிள்ளைமாரும் எழுதிய வரிகள் இல்லாமல் முடியாது. அவர்களுடைய பெயர் எங்கும் இருக்காது.

அப்படி ஒருவரை நாங்கள் தேடிப் போனோம். தோட்ட ஆபிஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மழைமானி கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு சொன்னார்:

"மழை பெய்யாத நாளைக்கும் எழுதணும் தம்பி. 'இல்லை'ன்னு எழுதணும். ஒண்ணும் எழுதாம வெறுமனே விட்டா, மழை பெய்யலையா, நான் போய்ப் பார்க்கலையான்னு யாருக்குத் தெரியும்? காய்ச்சல்ல படுத்துக்கிட்ட நாளைக்கு நான் கோடு போட்டு விட்டிருவேன். பொய்யா பூச்சியம் போட மாட்டேன்."

மூன்று பேர் சேர்ந்து எழுதிய புரோகிராமில் இல்லாத ஒன்று, அவருடைய பழைய புத்தகத்தில் இருந்தது.

கம்பியில் வந்த வானிலை

தபாலில் போகும் மழைக்கணக்கு வரலாற்றுக்கு உதவும். நாளைக்கு வரும் வெள்ளத்துக்கு உதவாது. எண் மழையைவிட வேகமாக ஓட வேண்டும். அதைத் தந்தி செய்தது. இலங்கையில் முதல் தந்திப் பாதை 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையில் வந்தது. இங்கிலாந்தில் றொபர்ட் ஃபிட்ஸ்றோய், கரையோர நிலையங்களிலிருந்து தந்தியில் வந்த அளவுகளை வைத்து 1861இல் புயல் எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கினார். எண்ணும் எச்சரிக்கையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டது அங்கேதான்.

தந்திக்காரர்களிடம் நாங்கள் கற்ற இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் அந்தக் காலத்து ஈரக் கம்பிகளில் மழை பெய்தால் மின்சாரம் ஒழுகிவிடும், தொடர்பு நின்றுவிடும். சில தந்தி ஊழியர்கள் அதையே அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். தூரத்து ஊர்க் கம்பி செத்துவிட்டது என்றால் அங்கே மழை, கொஞ்ச நேரத்தில் இங்கேயும் வரும். இணைப்பு அறுந்ததே அவர்களுக்கு ஒரு அளவீடு. நாங்கள் மௌனத்தைப் பூச்சியம் என்று வாசித்தோம், அவர்கள் மௌனத்தை மழை என்று வாசித்தார்கள். எது சரி என்று கேட்டால் நக்கிள்ஸ் மலைக்குக் கீழே இருப்பவர் எவரும் தந்திக்காரர் பக்கம்தான் நிற்பார். இங்கே சிக்னல் போவது பெரும்பாலும் மழையோடுதான்.

ஆள் இல்லாமல் தானே எண்ணும் மானியும் பழையதுதான். 1660களில் கிறிஸ்டோபர் றென் யோசித்த கவிழும் வாளி, சின்ன மாற்றங்களோடு இன்றைக்கும் அதே வாளி. புனலுக்குக் கீழே சீசோ மாதிரி இரண்டு குட்டிக் கரண்டிகள். ஒன்று நிறைந்ததும் கவிழ்ந்து ஊற்றும், மற்றது மேலே வரும். றென் காலத்தில் கவிழ்வது கடுதாசியில் ஓட்டையாகப் பதிய வேண்டும் என்று திட்டம். இப்போது கரண்டியில் ஒரு காந்தம், பக்கத்தில் ஒரு சுவிட்ச். ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் ஒரு "டிக்". பல மானிகளில் ஒரு டிக் என்பது 0.2 மில்லிமீற்றர் மழை. டிக்கை எண்ணி சிம் கார்ட் வழியே அனுப்பினால் கதை முடிந்தது. அப்படித்தான் நாங்கள் நினைத்தோம்.

பல்லேகலையின் ஊசி

மாத்தளைக்குப் பக்கத்து மாவட்டத்தில், பல்லேகலையில் ஒரு நிலநடுக்க அளவி இருக்கிறது. உலகளாவிய நிலநடுக்க வலையமைப்பின் ஒரு நிலையம். 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தபோது, அந்த அதிர்வு சில நிமிடத்தில் பல்லேகலையையும் கடந்து போனது. அலை நம்முடைய கிழக்குக் கரைக்கு வரக் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள்.

அன்றைக்குக் கருவி பழுதாகவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு என்று ஒரு சுனாமி எச்சரிக்கை முறையே இல்லை. அளவி ஒரு பக்கம், கல்முனையிலும் முல்லைத்தீவிலும் கரையில் நின்ற ஆட்கள் மறுபக்கம். நடுவில் பாதை இல்லை. உலக வலையமைப்போடு இணைந்திருந்த ஒரு கருவி, பக்கத்தில் இருந்த சொந்தச் சனத்தோடு இணைந்திருக்கவில்லை.

மலையகத்துக்கு இதே பாடம் வேறு தேதியில் வந்தது. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தை. காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அங்கே எண் இருந்தது, அறிக்கை இருந்தது. அறிக்கையைக் கேட்டு எழும்பிப் போக ஒரு வீடு, ஒரு துண்டுக் காணி இருக்கவில்லை.

75, 100, 150

மண்சரிவைக் கவனிக்கும் பொறுப்பு இலங்கையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு. மலை மாவட்டங்களில் தானியங்கி மழைமானிகள் அவர்களிடம் இருக்கின்றன. மாத்தளையும் அவர்களுடைய மண்சரிவு அபாயப் பட்டியலில் இருக்கும் மாவட்டம். அவர்கள் சொல்லும் மூன்று எண்களை நாங்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறோம், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இரு. 100 தாண்டினால் வெளியேறத் தயாராகு. 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், எழும்பிப் போ. பழைய தோட்டக் கணக்கில் 150 என்பது கிட்டத்தட்ட ஆறு இஞ்ச்.

இந்த மூன்று எண்ணுக்கும் ஒரு பொதுவான தேவை, கடந்த 24 மணித்தியாலமும் இடைவெளியில்லாமல் அளந்திருக்க வேண்டும். நடுவில் ஆறு மணித்தியாலம் சிக்னல் போய், அந்த ஆறையும் யாரோ பூச்சியமாக நிரப்பினால், 160 என்பது 90 ஆகத் தெரியும். சிவப்பு மஞ்சளாகிவிடும். எங்களுடைய பிழை எவ்வளவு பெரியது என்று விளங்கியது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான்.

இன்னொரு சிக்கல் மாத்தளைக்கே உரியது. நக்கிள்ஸ் மலைத்தொடர் ஒரு சுவர். தென்மேற்குப் பருவத்தில் மேற்குச் சரிவு நனையும்போது லக்கலைப் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும். வடகீழ்ப் பருவத்தில் கதை தலைகீழ். ஒரு மேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் மானி அந்தப் பக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆகவே மானிகள் நெருக்கமாக வேண்டும். நெருக்கமாக வேண்டுமென்றால் மலிவாக வேண்டும். மொரட்டுவைப் பல்கலைக்கழகமும் சுவிற்சர்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து, தெதுறு ஓயாப் படுகையில் 27 வானிலை நிலையங்களைத் திறந்த வன்பொருளைக் கொண்டு அமைத்துக் காட்டின. அந்தப் படுகையின் ஒரு மூலை மாத்தளை மாவட்டத்துக்குள்ளும் வருகிறது. கடையில் வாங்கும் அர்டுயினோ போர்டையும் ஒரு சிம்மையும் வைத்து இதைச் செய்யலாம் என்ற தைரியம் எங்களுக்கு அதைப் படித்துத்தான் வந்தது.

பிறகு 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை என்று மலை மாவட்டங்கள் சரிந்துபோயின. கரண்ட் போனது, பல இடங்களில் டவரும் போனது. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, சில வரவே இல்லை என்ற குற்றச்சாட்டும் பரவலாக எழுந்தது. கொழும்பிலிருந்து வீட்டுக்குக் கோல் எடுத்து எடுத்து, ரிங் போகாத அந்த இரவுகளை எங்களில் யாரும் மறக்கவில்லை. அந்த மௌனத்தை யாரும் பூச்சியம் என்று வாசிக்கவில்லை.

இணைப்பைச் சோதித்த விதம்

பிழை தெரிந்தபிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதித்தோம். செய்ததை வரிசையாகச் சொல்கிறோம். பள்ளிக்கூடத்திலோ வாசிகசாலையிலோ இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவட்டும்.

முதலில் எண்ணுவது சரியா? எங்கள் புனலின் விட்டம் 200 மில்லிமீற்றர். வாயின் பரப்பு 314 சதுர சென்ரிமீற்றர். அப்படியென்றால் ஒரு மில்லிமீற்றர் மழைக்கு 31.4 மில்லிலீற்றர் தண்ணீர், 20 மில்லிமீற்றருக்கு 628. அந்த அளவை அளந்து போத்தலில் எடுத்து, மூடியில் ஊசியால் ஓட்டை போட்டுச் சொட்டுச் சொட்டாக விட்டோம். 100 டிக் வர வேண்டும். அவசரப்பட்டு மடமடவென்று ஊற்றினால் கரண்டி கவிழும் நேரத்தில் தண்ணீர் வீணாகி எண்ணிக்கை குறையும். பொறுமை வேண்டும், அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. இதே காரணத்தால் பேய்மழையில் இந்த வகை மானி கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லும் என்பதையும் தெரிந்துகொண்டோம்.

இரண்டாவது, அது இருக்கப்போகும் இடத்தில் சிக்னல் உண்டா? வீட்டு மேசையில் முழு சிக்னலோடு வேலை செய்வதில் அர்த்தம் இல்லை. கூரையில், மழையில், இராத்திரியில் பார்க்க வேண்டும். அன்ரெனாவை ஒரு குழாயில் கட்டி மூன்றடி உயர்த்தியதிலேயே பெரிய வித்தியாசம் தெரிந்தது.

மூன்றாவது, அனுப்பியது வந்து சேர்ந்ததா? "அனுப்பிவிட்டேன்" என்று கருவி சொல்வதை நம்பக் கூடாது. மறுமுனையில் இருக்கும் ஆள், வந்த எண்ணையும் வந்த நேரத்தையும் வாசித்துச் சொல்ல வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. எங்கள் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்தி இருந்தது. கருவி கிரீனிச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. விடியப்புறம் நாலு மணிக்குப் பெய்த மழை முதல் நாள் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது.

நாலாவது, வேண்டுமென்றே அறுத்துப் பார்த்தோம். சிம்மைக் கழற்றிவிட்டு தண்ணீர் ஊற்றினோம். ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பப் போட்டபோது, நடுவில் எண்ணிய டிக்குகள் அதனதன் நேரத்தோடு வந்து சேருமா? முதல் தடவை வரவில்லை. நினைவட்டை ஒன்றைச் சேர்த்து, அதில் எழுதி வைத்துவிட்டு அனுப்பும்படி மாற்றிய பிறகு வந்தது.

ஐந்தாவதுதான் தாத்தா சொல்லித் தந்தது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை மானி "நான் இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திரையில் பூச்சியம் இல்லை, ஒரு கறுப்புக் கோடு. ஒரு மணித்தியாலம் கோடாகவே இருந்தால் எங்கள் போன்கள் அடிக்கும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி "மழை எவ்வளவு" இல்லை, "அங்கே யார் இருக்கிறீர்கள்" என்பது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் மானி அதிகாரபூர்வமான எச்சரிக்கை இல்லை. அது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துடையதும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துடையதும். அவசரத்துக்கு 117. மானிக்குத் தெரியாதவையும் நிறைய. சுவரிலும் நிலத்திலும் புது வெடிப்பு, சாயும் மரம், சாயும் லைட் போஸ்ட், திடீரென்று பீறிடும் அல்லது கலங்கும் ஊற்று. இவற்றை வீட்டில் இருப்பவரின் கண்தான் பார்க்கும். அதைப் பார்த்தால் எண்ணுக்குக் காத்திருக்கக் கூடாது.

கடைசி முழம்

கருவி ஒழுங்கானதும், இனி மிச்சம் ஒன்றுதான் என்று ஒரு சனிக்கிழமை இராத்திரி ஒத்திகை பார்த்தோம். தோட்டத்து ஆட்களுக்கு முன்னமே சொல்லி வைத்திருந்தோம். ஒன்பதரை மணிக்கு வட்ஸ்அப் குரூப்பில் "இது பரிசோதனை, பார்த்தவர்கள் கை தூக்குங்கள்" என்று தமிழில் ஒரு செய்தி. சேர்வரிலிருந்து போனுக்கு இரண்டு செக்கன். போனிலிருந்து மனிதருக்கு? பாதிப்பேருக்கு மேல் காலையில்தான் பார்த்தார்கள். சிலருடைய போன் சார்ஜ் இல்லாமல் கிடந்தது, சிலருக்கு டேட்டா முடிந்திருந்தது. காலையில் கொழுந்துக்குப் போக வேண்டிய ஆட்கள் ஒன்பதரைக்கு அயர்ந்து தூங்காமல் என்ன செய்வார்கள்?

அடுத்த நாள் கட்டடத்துக்கு முன்னால் உட்கார்ந்து இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மாயி சொன்னார்:

"போனெல்லாம் எனக்குக் கேக்காதுப்பா. கோயில்ல தப்பு இருக்கில்ல, அத அடிங்க. தப்புச் சத்தம் கேட்டா செத்தவனும் எந்திரிப்பான்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் காலத்தில் விடியுமுன்னே தப்படித்துத்தான் பிரட்டுக்கு ஆட்களை எழுப்பினார்கள். துரையின் வேலைக்கு நூறு வருசம் எழுப்பிய சத்தம், லயத்தின் கடைசிக் காம்பரா வரைக்கும் போய்ச் சேரும் என்று சோதித்துத் தேறிய சத்தம். எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

இப்போது ஏற்பாடு இதுதான். மானி 100ஐத் தாண்டினால் அல்லது மழை நேரத்தில் ஒரு மணித்தியாலம் மௌனமானால், நாங்கள் இரண்டு வீடுகளுக்குக் கோல் எடுப்போம். ஒரு வீட்டில் கிடைக்காவிட்டால் மற்ற வீடு. கோலே போகாவிட்டால் காத்திருக்க வேண்டாம் என்றும் பேசி வைத்திருக்கிறோம். கூரையில் மானிக்குப் பக்கத்தில் ஒரு சாதாரணக் கோப்பையும் இருக்கிறது, அதில் 75க்கும் 100க்கும் 150க்கும் பெயின்றில் கோடு போட்டிருக்கிறது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் தினமும் காலை 8.30க்கு அதை ஒரு கொப்பியில் எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டுகிறார்கள். மழை இல்லாத நாளைக்கு "இல்லை" என்று எழுதுகிறார்கள். கோட்டைத் தண்ணீர் தொட்டால் தப்பு அடிக்கப்படும், பாடசாலைக் கட்டடத்துக்குப் போவது என்று வழியும் நடந்து பார்த்தாயிற்று.

இத்தனைக்கும் பிறகும் இது தற்காலிகம்தான் என்று எங்களுக்குத் தெரியும். எத்தனை மானி பூட்டினாலும் சரிவுக்குக் கீழே லயம் இருக்கிறவரைக்கும், ஒவ்வொரு நவம்பரும் ஓடத் தயாராகப் படுக்க வேண்டும். ஏழு பேர்ச் காணி பற்றிய பேச்சு வருசக் கணக்காக நடக்கிறது. பாதுகாப்பான இடத்தில் சொந்தக் காணி, சொந்த வீடு. அதுதான் எழும்பிப் போ என்ற சொல்லுக்கு அர்த்தம் கொடுக்கும். எங்கே போவது என்று தெரியாதவனுக்கு எச்சரிக்கை இன்னொரு சத்தம், அவ்வளவுதான்.

ஆனாலும் கொப்பியை நாங்கள் விடப்போவதில்லை. இருநூறு வருசமாக இந்த மலையில் மழையை எண்ணினார்கள், கொழுந்தின் நிறையை எண்ணினார்கள், செக்றோலில் பேரை எண்ணினார்கள். எல்லாம் வேறு யாருக்காகவோ. இந்தக் கொப்பி மட்டும் லயத்துக்காக லயத்துப் பிள்ளைகள் எழுதுவது. போன கிழமை வாங்கிப் பார்த்தோம். ஒரு பக்கத்தில் ஒன்பது நாள் தொடர்ந்து "இல்லை, இல்லை, இல்லை". பத்தாம் நாள் ஒரு கோடு. பக்கத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தது: "அம்மாச்சி வீட்டுக்குப் போயிட்டேன். பார்க்கல."